இடித்துரைத்தார், உடன் நடந்தார்

அறிவுரை சொன்னவரின் சொல் அம்பலம் ஏறாதபோது அவர் என்ன செய்வார்? நமது காப்பியங்கள் இந்த வினாவைப் பல இடங்களில் எழுப்பி, பல வகையாக விடை கண்டிருக்கின்றன. இராவணனுக்கு நல்லுரை கூறிய வீடணன், அது ஏற்கப்படாதபோது அண்ணனைப் பிரிந்து இராமனிடம் சென்றான். வில்லிபுத்தூரரின் விதுரன் வில்லை முறித்துவிட்டுப் போரிலிருந்து விலகி நின்றான். கம்பனின் கும்பகருணனோ, அண்ணன் செய்தது பிழை என்பதை முகத்துக்கு நேரே சொன்னான். சொன்ன பின்பும் அண்ணனுக்காகவே களம் சென்று மாண்டான். மூவரும் உண்மை அறிந்தவர்கள். மூவரும் மூன்று வழிகளில் நடந்தவர்கள்.

நேயர்களே, காப்பியத்தில் மட்டும் எழும் வினாவல்ல இது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பு, வட அமெரிக்காவின் புல்வெளி ஓரத்தில், 1856ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 13ஆந் திகதி, ஒரு மனிதர் இதே வினாவை எதிர்நோக்கினார். அவர் பெயர் லேவி சவேஜ். மோர்மன்கள் எனப்படும் சமயக் குழுவைச் சேர்ந்தவர்; அவர்களின் முன்னோடிக் குடியேற்ற அணியொன்றின் தலைவர்களுள் ஒருவர்; அதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை பர்மாவிலே சமயப் பணியாளராக இருந்தவர். அவரது வாழ்வையும், அவர் வாழ்வின் அந்த ஒரு நாளையும் பற்றியதே இக்கட்டுரை.

மோர்மன்கள் யார் என்பதைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ளாமல் சவேஜின் கதையை விளங்கிக்கொள்வது கடினம். 1830ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் நிறுவிய சபை இது. அவர் வெளியிட்ட ‘மோர்மன் நூல்’ என்ற சமய நூலின் பெயரால் மற்றவர்கள் அவர்களை மோர்மன்கள் என அழைத்தனர். தங்களை அவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்கள் என்றே கூறிக்கொண்டனர். அயலவரின் பகையால் மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்து, ஈற்றில் இலினோய் மாநிலத்தில் நோவூ என்ற நகரை அமைத்தனர். அங்கும் அமைதி கிட்டவில்லை. 1844ஆம் ஆண்டு ஜூன் 27ஆந் திகதி, சிறையில் வைக்கப்பட்டிருந்த ஜோசப் ஸ்மித்தை ஆயுதம் தாங்கிய கும்பலொன்று சுட்டுக் கொன்றது. அதன்பின் பிரிகாம் யங் தலைமையேற்று, தம் மக்களை மேற்கே அழைத்துச் சென்றார். 1847 ஜூலையில் அவர்கள் பெரும் உப்பு ஏரியின் பள்ளத்தாக்கை அடைந்தனர். இன்று யூட்டா மாநிலத்தின் தலைநகராக விளங்கும் சோல்ட் லேக் நகரின் தோற்றம் அதுவே.

இந்தப் பெயர்வின் காலத்தில்தான் லேவி சவேஜ் வரலாற்றின் கண்ணில் படுகிறார். 1820ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர் அவர். 1846இல் மோர்மன் சபையில் சேர்ந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே போர் மூண்டது. அமெரிக்க அரசு மோர்மன்களிடமிருந்து ஏறத்தாழ ஐந்நூறு பேரைக் கொண்ட படைப்பிரிவொன்றைத் திரட்டியது. அதிலே சவேஜும் ஒருவரானார். அப்படைப்பிரிவு பெரிய போர் எதனையும் காணவில்லை. ஆயினும் அயோவாவிலிருந்து கலிபோர்னியாவரை ஏறத்தாழ இரண்டாயிரம் மைல் தூரத்தைக் கால்நடையாகவே கடந்தது. பசியும் தாகமும் குளிரும் மனித உடம்பை என்ன செய்யும் என்பதை இருபத்தாறு வயதிலேயே சவேஜ் கண்கூடாகக் கண்டார். பின்னர் அவர் சொன்ன சொல்லுக்குப் பின்னால் இருந்த அறிவு, நடந்து பெற்ற அறிவு என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

1848இல் ஜேன் மெதர்ஸ் என்ற பெண்ணை அவர் மணந்தார். 1851 ஜனவரியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதே ஆண்டின் டிசம்பரில் ஜேன் இறந்துபோனார். தாயற்ற பிள்ளையோடு தனித்துவிடப்பட்டிருந்த சவேஜின் பெயர், 1852 ஓகஸ்ட் மாதம் சோல்ட் லேக் நகரில் நடைபெற்ற சிறப்பு மாநாட்டில் வாசிக்கப்பட்டது. உலகின் பல பாகங்களுக்கும் அனுப்பப்படவிருந்த சமயப் பணியாளர் பட்டியலில் அவரும் இருந்தார். அவருக்கு விதிக்கப்பட்ட நாடு சயாம். இன்று நாம் தாய்லாந்து என்று கூறும் நாடு அது. அவர் மறுக்கவில்லை. இரண்டு வயதும் நிரம்பாத மகனைத் தம் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்.

கீழைக் கடலில்

சவேஜும் அவருடன் பன்னிருவரும் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 1853 ஜனவரி இறுதியில் ‘மொன்சூன்’ என்ற கப்பலில் ஏறி, ஏப்ரல் 26ஆந் திகதி கல்கத்தாவை அடைந்தனர். பதின்மூவரில் ஒன்பது பேர் இந்தியாவுக்கும் நால்வர் சயாமுக்கும் என நியமிக்கப்பட்டிருந்தனர். இந்தியாவுக்கு வந்தோருள் ரிச்சர்ட் பலன்டைன் என்பவர் சென்னையில் தங்கி, அங்கே சமய வெளியீடொன்றையும் அச்சிட்டு வெளியிட்டார். சயாமுக்கு நியமிக்கப்பட்ட நால்வருள் சவேஜ், இலாம் லடிங்டன் ஆகிய இருவரும் பர்மாவழியாகச் செல்லத் துணிந்தனர். எஞ்சிய இருவரான சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி ஆகியோர் வந்து சேர்ந்த நாடு எது தெரியுமா? நமது இலங்கைதான். 1853இல் அவ்விருவரும் இங்கு வந்து போதிக்க முற்பட்டனர். ஆயினும் நிலையான வரவேற்புக் கிட்டாமையால் பொம்பாய்க்குச் சென்றனர். இலங்கையின் சமய வரலாற்றில் பலரும் அறியாத சிறு பக்கம் இது.

அவர்கள் ஏன் எங்கும் கால் ஊன்றவில்லை? இதற்கான காரணங்கள் ஆராயத்தக்கவை. முதலாவது, மோர்மன் பணியாளர்கள் கையில் பணமோ பையோ இன்றிச் செல்லும் வழக்கமுடையவர்கள். கேட்போர் தரும் உணவையும் இடத்தையும் நம்பியே அவர்கள் வாழ்ந்தனர். அமெரிக்கக் கிராமங்களிலும் இங்கிலாந்தின் தொழிலாளர் தெருக்களிலும் இது கைகொடுத்தது. ஆனால் குடியேற்ற ஆட்சி நிலவிய ஆசிய நகரங்களில், வெள்ளையர் ஒருவர் வெறுங்கையோடு வந்து கதவைத் தட்டுவது வெள்ளையருக்கு மானக்கேடாகவும், உள்ளூர் மக்களுக்குப் புதிராகவும் தோன்றியது. இரண்டாவது, அவர்கள் பெயர் அறிவிக்கப்பட்ட அதே மாநாட்டில்தான் மோர்மன்கள் பலதார மணத்தைத் தம் கொள்கையென வெளிப்படையாக அறிவித்தனர். அச்செய்தி அவர்களை முந்திக்கொண்டு ஆசியத் துறைமுகங்களுக்கு வந்துவிட்டது. மூன்றாவது, மொழி. மக்களின் மொழியை அறியாதவரின் வாய்ச்சொல், கோட்டைக்குள் வாழ்ந்த சிப்பாய்களையும் அலுவலர்களையும் தாண்டிச் செல்லவில்லை.

சவேஜின் நிலை இன்னும் கடினமானது. பிரித்தானியருக்கும் பர்மியருக்கும் இடையே 1852இல் மூண்ட இரண்டாம் போரின் அலை முற்றாக ஓயாத வேளை அது. முதற்பயணத்தில் அவரும் லடிங்டனும் ஏறிய நீராவிக் கப்பல் வங்கக் கடலில் நீர் கசிந்து, திரும்பிவர நேர்ந்தது. மறுமுறை புறப்பட்டு 1853 ஓகஸ்ட் மாதம் இரங்கூனை அடைந்தனர். லடிங்டன் பின்னர் கடல்வழியாகப் பாங்கொக் சென்றார். சவேஜ் மௌல்மேன் நகரிலே தங்கினார். தரைவழியே சயாமுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டவில்லை. பர்மிய மொழியைக் கற்க முயன்றார். அதற்குரிய வசதி அவருக்கு வாய்க்கவில்லை. அதே மௌல்மேனில் அட்டோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க பப்ரிஸ்ற் பாதிரியார் பல ஆண்டுகள் தங்கியிருந்து, விவிலியம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்து, அகராதிப் பணியிலும் ஈடுபட்டு, 1850இல் மறைந்திருந்தார். ஒருவர் ஆயுளையே ஒரு மொழிக்குக் கொடுத்தவர். மற்றவர் வெறுங்கையோடு வந்து, ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்திருந்து திரும்பியவர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மொழி கற்பிப்போராகிய எம் போன்றோருக்கு நன்கு புலப்படும்.

வெளிப்பார்வைக்குச் சவேஜின் ஆசியப் பணி தோல்வியே. அவர் அமைத்த சபை எதுவும் அங்கு எஞ்சவில்லை. அவர் விட்டுச்சென்றது நாட்குறிப்பு ஒன்றே. கண்டதைக் கண்டபடி, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதும் பழக்கம் அவரிடம் இருந்தது. அப்பழக்கமே பின்னர் வரலாற்றுக்குப் பேருதவி புரிந்தது.

கைவண்டித் திட்டம்

1856ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சவேஜ் பொஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார். மேற்குக் கரையில் புறப்பட்டவர் கிழக்குக் கரையில் இறங்கியதால், உலகைச் சுற்றிவிட்டார் எனலாம். மகனைக் காண இன்னும் அரைக் கண்டத்தைக் கடக்க வேண்டியிருந்தது. வழியில் அயோவா நகரில், ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய குடியேற்றவாசிகளோடு அவர் இணைக்கப்பட்டார்.

அன்றைய மோர்மன் சபை, நம்பிக்கையாளர் அனைவரும் சோல்ட் லேக் பள்ளத்தாக்கில் கூடிவர வேண்டும் என்று போதித்தது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, டென்மார்க் முதலிய நாடுகளின் ஏழைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அதற்குக் காத்திருந்தனர். மாட்டுவண்டி வாங்கிப் பயணம் செய்ய அவர்களிடம் பணமில்லை. 1855இல் யூட்டாவில் வறட்சியாலும் வெட்டுக்கிளிகளாலும் விளைச்சல் கெட்டுச் சபையின் நிதியும் வற்றியிருந்தது. ஆகவே பிரிகாம் யங் ஒரு திட்டம் வகுத்தார். இரு சில்லுகள் பூட்டிய மரக் கைவண்டியொன்றை ஐவர் தம் கையாலேயே இழுத்துச் செல்வது. ஆளுக்குப் பதினேழு இறாத்தல் பொருள் மட்டும் எடுத்துச் செல்வது. அயோவா நகரிலிருந்து சோல்ட் லேக் நகர்வரை ஏறத்தாழ 1,300 மைல் நடப்பது.

கேட்பதற்கு அச்சமூட்டும் இத்திட்டம், காலத்தோடு புறப்பட்டவர்களைப் பொறுத்தவரை நிறைவேறிய திட்டமே. 1856இன் முதல் மூன்று அணிகள் செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் பெரிய அழிவின்றிச் சேர்ந்துவிட்டன. இடர் வந்தது நான்காம் அணிக்கும் ஐந்தாம் அணிக்குமே.

‘தோர்ன்டன்’ என்ற கப்பல் 764 பேரை ஏற்றிக்கொண்டு மே மாதம் 4ஆந் திகதிதான் லிவர்ப்பூலை விட்டது. அவர்கள் அயோவா நகரை அடைந்தபோது ஜூன் முடியும் தறுவாய். அங்கே அவர்களுக்கு வண்டிகள் ஆயத்தமாக இல்லை. அவசர அவசரமாக ஈரம் உலராத மரத்தில் வண்டிகள் செய்யப்பட்டன. ஜேம்ஸ் வில்லி என்பவரின் தலைமையில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் ஜூலை 15ஆந் திகதி புறப்பட்டனர். இவர்களை நூறு நூறு பேராக ஐந்து பிரிவாக்கினர். இரண்டாவது நூற்றுவர்க்குத் தலைவரானவர் சவேஜ். முதியோர், கைக்குழந்தை ஏந்திய தாய்மார், விதவைகள், சிறுவர்கள் என்போர் அக்கூட்டத்தில் மிகுந்திருந்தனர். ஓகஸ்ட் 11ஆந் திகதி மிசூரி ஆற்றங்கரையில் உள்ள புளோரன்ஸ் என்ற இடத்தை அடைந்தனர். மேலும் ஆயிரம் மைலுக்கு மேல் எஞ்சியிருந்தது. இடையே பெரிய ஊர் எதுவும் இல்லை. இடையில் இருந்தவை மலைகளே.

ஓகஸ்ட் 13

செல்வதா, குளிர்காலத்தை அங்கேயே கழிப்பதா என்பதை முடிவுசெய்யக் கூட்டம் கூடியது. தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, இறைவன் வழிநடத்துவான், முன்செல்வோம் என்றனர். புதிதாக வந்த மக்களுக்கு அந்நாட்டின் காலநிலை தெரியாது. மலைகளைக் கடந்தறிந்த சவேஜ் எழுந்தார். பருவம் பிந்திவிட்டது என்றார். முழங்கால் அளவு பனியில் நடக்கவும், இரவிலே மெல்லிய போர்வையோடு உறைந்த தரையில் கிடக்கவும் நேரலாம் என்றார். கூடாரவண்டி உள்ளவர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு நமக்கு இல்லை என்றார். கைவண்டித் திட்டத்தை அவர் பழிக்கவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. பழக்கப்படாத மாடுகளையும் அனுபவமற்ற வண்டியோட்டிகளையும்விடக் கைவண்டியே மேல் என்றும் அவர் கருதினார். அவருடைய தடை ஒன்றே ஒன்று: காலம். இவையெல்லாம் அன்றைய நாளிலேயே அவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தவை.

வில்லி எழுந்து மறுத்துரைத்தார். தாம் வணங்கும் இறைவன் காக்க வல்லவன் என்பதே அவர் கூற்றின் சாரம். சவேஜ் தாம் உண்மையையே பேசியதாகவும், அது மற்றவர்களுக்கும் தெரியும் என்றும் கூறினார். வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் செல்வதற்கே இசைந்தனர். அப்போது சவேஜ் கண்ணீர் மல்கப் பேசியதை, நான்காம் நூற்றுவரின் தலைவராக இருந்த ஜோன் சிஸ்லெட் பின்னாளில் எழுதியிருக்கிறார். தாம் சொன்னது உண்மையென்று தமக்குத் தெரியும். ஆயினும் நீங்கள் செல்வதென்றால் நானும் உங்களோடு வருவேன், உங்களோடு உழைப்பேன், துன்புறுவேன், வேண்டுமாயின் உங்களோடு இறப்பேன் என்பது அப்பேச்சின் பொருள்.

இங்கே வரலாற்று மாணவர் ஒரு வினா எழுப்புதல் இயல்பு. இப்பேச்சு அப்படியே பேசப்பட்டதா? சிஸ்லெட்டின் நினைவுகள் 1873இல்தான் நூலொன்றில் வெளிவந்தன. அதற்குள் அவர் சபையை விட்டு விலகியிருந்தார். விலகியவர் எழுதியதில் கசப்பும், காலங்கடந்த நினைவில் மெருகும் ஏறியிருக்கக் கூடும். ஆகவே சொல்லுக்குச் சொல் நம்புவது தகாது. ஆனால் எச்சரிக்கை விடுக்கப்பட்டது, அது நிராகரிக்கப்பட்டது, சவேஜ் உடன் சென்றார் என்ற மூன்றும் அன்றைய நாட்குறிப்பினாலும் பின்னைய நிகழ்ச்சிகளினாலும் உறுதியாகின்றன. அம்மூன்றுமே நமக்குப் போதும்.

பனியில்

ஓகஸ்ட் நடுப்பகுதியில் அவர்கள் புளோரன்ஸை விட்டனர். வண்டி ஒவ்வொன்றிலும் 98 இறாத்தல் மா மூடையொன்று மேலதிகமாக ஏற்றப்பட்டது. ஈர மரம் வறண்ட காற்றில் காய்ந்து சுருங்க, சில்லுகள் ஆட்டம் கண்டன. செப்டெம்பர் தொடக்கத்தில், காட்டெருமைகள் திரிந்த வெளியிலே இவர்களது மாடுகள் வெருண்டோடி, ஏறத்தாழ முப்பது காணாமற்போயின. வண்டி இழுக்கப் பால்மாடுகளைப் பூட்டினர். அதனாலும் இயலாமற்போக மா மூடைகள் மீண்டும் கைவண்டிகளுக்கே வந்தன.

செப்டெம்பர் 12ஆந் திகதி, ஐரோப்பியப் பணிக்குப் பொறுப்பாயிருந்த பிராங்ளின் ரிச்சர்ட்ஸ் விரைவு வண்டிகளில் வந்து இவர்களைக் கடந்தார். சவேஜின் எச்சரிக்கை அவர் காதுக்கு எட்டியிருந்தது. மக்கள் கூடியிருந்த இடத்திலே சவேஜை அவர் கடிந்துகொண்டார் எனச் சிஸ்லெட் எழுதுகிறார். உண்மை பேசியதற்காக ஒரு முறை மறுக்கப்பட்டவர், ஒரு மாதங் கழித்து அதற்காகவே பொதுவில் ஏசவும் பட்டார். அப்போதும் அவர் அணியை விட்டு நீங்கவில்லை.

லரமி கோட்டையில் எதிர்பார்த்த அளவு உணவு கிட்டவில்லை. மாவின் பங்கு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஒக்டோபர் 19ஆந் திகதி, கையிருந்த மா முடிந்துபோன அதே நாளில், முதற்பனி பெய்தது. மறுநாள் வில்லி ஒருவரைத் துணைக்கொண்டு, பனியினூடே உதவியைத் தேடி முன்னே சென்றார். சவேஜை மறுத்துரைத்த அதே வில்லிதான் தம் உயிரையும் பொருட்படுத்தாது சென்றவர் என்பதை நாம் மறக்கலாகாது. இந்நிகழ்ச்சியில் கொடியவர் என்று எவரும் இல்லை. நல்லவர்கள் சேர்ந்து எடுத்த தவறான முடிவே இருந்தது.

அதற்கிடையில், ஒக்டோபர் 4ஆந் திகதி ரிச்சர்ட்ஸ் சோல்ட் லேக் நகரை அடைந்து, இன்னும் மக்கள் வழியில் இருக்கிறார்கள் எனத் தெரிவித்திருந்தார். பிரிகாம் யங் அதிர்ச்சியுற்றார். மறுநாள் கூடிய மாநாட்டில், வேறெந்தப் பேச்சையும் விடுத்து, வண்டிகளையும் மாவையும் ஆட்களையும் உடனே தருமாறு மக்களைக் கேட்டார். ஒக்டோபர் 7ஆந் திகதி முதல் மீட்பணி புறப்பட்டது. 21ஆந் திகதி மாலை அது வில்லியின் மக்களை அடைந்தது. உணவு கிடைத்தது, ஆனால் வண்டிகள் போதவில்லை. மீட்பணியில் ஒரு பகுதியினர் இன்னும் பின்னே இருந்த ஐந்தாம் அணியை நாடிச் செல்ல வேண்டியிருந்தது.

ஒக்டோபர் 23ஆந் திகதி அவர்கள் ‘றொக்கி ரிஜ்’ எனப்படும் பாறைமேட்டைக் கடக்க வேண்டியதாயிற்று. எதிர்க்காற்றும் பனியும் வீசின. வலுவுள்ளோர் முன்சென்றனர். தளர்ந்தோர் வழியெங்கும் சிதறினர். அன்று வரிசையின் கடைசியில் நின்றவர் லேவி சவேஜ். விழுந்தவர்களைத் தூக்கி வண்டிகளில் ஏற்றி, வண்டி நிறைந்த பின் நடக்கக்கூடியவர்களை நடத்தி, அவர் இரவிலே முகாமை அடைந்தார்; பின்தங்கியோர் வந்து சேர்ந்தது விடியும் தறுவாயிலேதான். அங்கே கூடாரங்கள் சிலவே எழுப்பப்பட்டிருந்ததையும், மக்கள் சிறு நெருப்புகளைச் சுற்றிக் குளிரில் நடுங்கியதையும் அவர் குறிப்பு பதிவு செய்கிறது. மறுநாள் பதின்மூன்று பேரை ஒரே குழியில் அடக்கம் செய்தனர். அக்குழியைத் தோண்ட உதவிய இருவரும் மாண்டனர்.

அந்நாட்குறிப்பில், தாம் முன்னரே எச்சரித்ததை நினைவூட்டிப் பெருமைகொள்ளும் தொனி இல்லை. வழியின் நிலை, மாடுகளின் நிலை, மக்களின் நிலை: இவையே இருக்கின்றன.

நவம்பர் 9ஆந் திகதி எஞ்சியோர் சோல்ட் லேக் நகருக்குள் நுழைந்தனர். ஏறத்தாழ எழுபது பேர் வழியில் இறந்திருந்தனர். பின்னால் வந்த ஐந்தாம் அணியில் அதனிலும் இருமடங்குக்குக் குறையாதோர் மாண்டனர். இரண்டு அணிகளிலுமாக இருநூறுக்கு மேற்பட்ட உயிர்கள். சவேஜ் நான்கு ஆண்டுகளுக்குப் பின் தம் மகனைக் கண்டார். விட்டுச்சென்றபோது மழலை மாறாத பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது நிரம்பியிருந்தது.

பழியும் படிப்பினையும்

பழி யாரைச் சாரும் என்ற விவாதம் அன்றே தொடங்கிவிட்டது. நவம்பர் 2ஆந் திகதி, இரு அணிகளும் இன்னும் வந்து சேராத நிலையில், பிரிகாம் யங் மேடையிலே பேசினார். திட்டத்தில் தவறில்லை என்றும், இத்துணை காலந்தாழ்த்தி மக்களைப் புறப்படவிட்ட அதிகாரிகள்மீதே தவறு என்றும் அவர் சாடினார். ஓகஸ்டில் சவேஜ் சொன்னதும் இதுவன்றோ? பெரிய இடத்திலிருந்து அச்சொல் வந்தபோது எல்லோரும் கேட்டனர். நூற்றுவர் தலைவரிடமிருந்து வந்தபோது அது நம்பிக்கைக் குறைவாகத் தோன்றியது. திட்டம் வகுத்தவர்க்கும் பங்குண்டு என்று பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் வாதிட்டுள்ளனர். எவ்வாறாயினும் பின்னைய கைவண்டி அணிகள் காலத்தோடு புறப்பட்டன. 1860வரை பத்து அணிகளிலாக ஏறத்தாழ மூவாயிரம் பேர் இவ்வாறு நடந்து சென்றனர்.

சவேஜ் பிற்காலத்தில் யூட்டாவின் தென்பகுதியில் ரொக்கர்வில் என்ற சிற்றூரில் வாழ்ந்தார். 1858இல் அவர் மணந்த ஆன் கூப்பர், இரு சிறு பெண் பிள்ளைகளோடு அதே வில்லி அணியில் நடந்து வந்தவர். பின்னர், அக்காலப் பலதார மண வழக்கப்படி, வளர்ந்துவிட்ட அப்புதல்வியர் இருவரையும் அவர் மணந்தார் என்ற செய்தி இன்று படிப்போர்க்கு அதிர்ச்சி தரும். சபை 1890இல் அவ்வழக்கத்தைக் கைவிடும் அறிவிப்பை விடுத்தது. ஒரு நாளில் உயர்ந்து நின்றவரை எல்லா நாளிலும் நம் அளவுகோலுக்குப் பொருந்த வைப்பது வரலாற்றின் வேலையன்று. உள்ளதை மறைப்பதும் அதன் வேலையன்று. 1910 டிசம்பர் 13ஆந் திகதி, தொண்ணூறாவது வயதில் அவர் மறைந்தார்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சவேஜ் நமது காப்பிய மாந்தர் மூவரில் யாரை ஒத்தவர்? பார்த்தவுடன் கும்பகருணன் நினைவுக்கு வருகிறான். தீமையை அறிந்தும், சொல்லியும், உடன் சென்றவன் அவன். ஆனால் கும்பகருணன் சென்றது தலைவனுக்காக. உண்ட சோற்றின் கடனுக்காக. தலைவன் தவறென்று தெரிந்தும் அத்தலைவனின் பகைவரைக் கொல்லவே அவன் சென்றான். சவேஜ் சென்றது வில்லிக்காகவுமன்று, ரிச்சர்ட்ஸுக்காகவுமன்று. முடிவெடுக்கும் இடத்தில் இல்லாத, எடுக்கப்பட்ட முடிவின் பாரத்தைச் சுமக்கப்போகும் மக்களுக்காகவே சென்றார். வரிசையின் தலைப்பிலன்றிக் கடைசியிலே அவர் நின்றதே இதற்குச் சான்று.

இதற்கு எதிராகவும் ஒன்று சொல்லலாம். அவர் வரமாட்டேன் என்று உறுதியாக நின்றிருந்தால், இன்னும் பலர் புளோரன்ஸிலேயே தங்கி உயிர் தப்பியிருப்பார்களே? நியாயமான வினா. விதுரன் வில்லை முறித்ததும் ஓர் அறமே. எச்சரித்தவரே உடன் வருகிறார் என்பது தயங்கியவர்களுக்குத் துணிவு தந்திருக்கவும் கூடும். ஆனால் வாக்கு எடுக்கப்பட்டுவிட்டது. மக்கள் போகத்தான் போகிறார்கள். அந்நிலையில் வழி தெரிந்த ஒருவர் விலகி நின்றிருந்தால், அவர் கூற்று மெய்யென நிறுவப்பட்டிருக்கும். றொக்கி ரிஜ்ஜில் விழுந்தவர்களைத் தூக்க ஒருவர் குறைந்திருப்பார். தம் சொல் மெய்யாவதைவிட அது பொய்யாவதையே அவர் விரும்பினார் என்பதை அவர் நடையிலிருந்து நாம் ஊகிக்கலாம்.

பெரியாரைத் துணைக்கொள்ள வேண்டுமென்றும், இடித்துரைப்போரை உடன் வைத்திருப்பதே தலைவனுக்குக் காவலென்றும் வள்ளுவர் வற்புறுத்தியதை நாம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அங்கே பேசப்படுவது கேட்கவேண்டியவனின் கடமை. இடித்துரைத்தவனின் கடமை, அவன் சொல் கேட்கப்படாதுபோன பின்னர் எங்கே முடிகிறது என்பது வேறொரு வினா. அதற்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விடையொன்றில்லை. லேவி சவேஜ் தமக்குரிய விடையை, ஓகஸ்ட் நடுப்பகுதி தொடங்கி நவம்பர் 9வரை, ஆயிரம் மைல் நடந்து எழுதினார்.